ஒரு கொம்பு குறைந்த பெயெர்செபா

எதிர்வீட்டு அண்ணன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூன்று வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்த வீடு ஒருவழியாக முடிந்தது. வீட்டுப் பிரதிஷ்டைக்கு நாலு நாள் இருக்கும்போது வாசலில் பதிக்கிற பேர்க்கல்லும் வந்து சேர்ந்தது. கருப்பு கிரானைட், தங்க நிற எழுத்து, ஓரத்தில் ஒரு சின்ன சிலுவை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் காலையில் பால்காரர் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "யாரு சார் செபா, உங்க பொண்ணா?" என்று கேட்டபோதுதான் அண்ணன் கல்லைச் சரியாகப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வைக்க அவர் எழுதிக் கொடுத்தது வேதாகமத்தில் வருகிற ஓர் ஊர்ப்பேர், "பெயெர்செபா". கல்லில் இருந்தது "பெயர்செபா". பால்காரர் மேல் தப்பே இல்லை. பெயர் என்ன, செபா. பள்ளிக்கூட நோட்டு அட்டையில் எழுதுவோமே, அதேதான்.

கல் வெட்டிய பையனுக்குப் போன் போட்டால் அவன் பெருமையாகச் சொல்கிறான்: "நீங்க எழுதிக் குடுத்ததுல ஒரு கொம்பு அதிகமா இருந்துச்சு சார். பெயெர்னு ஒரு வார்த்தையே கிடையாதே, நான்தான் சரி பண்ணி வெட்டுனேன்."

எனக்கு ஊர்ப்பேர்ப் பைத்தியம் உண்டு என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அதனால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. "தம்பி, இந்த ஒரு எழுத்தால அர்த்தம் மாறிடுமா?" என்றார் அண்ணன். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் வீட்டு அக்கா குரல்: "ஏழு கிணறுன்னு அர்த்தம், ஒரு கொம்புல என்ன ஆயிடப்போவுது." அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏழு கிணறு இல்லடி, ஆணையின் கிணறு. எத்தனை தடவை சொல்றது." கல்லை விட்டுவிட்டு இருவரும் அதில் இறங்கிவிட்டார்கள். நான் காபியைக் குடித்துவிட்டு வந்து அப்போதிலிருந்து இதையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தக் கொம்பு. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் கிணற்றுக்குச் சொல் "பெஎர்". முதலில் ஒரு எகரம், நடுவில் தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறக்கிற ஒலி, அப்புறம் இன்னொரு எகரம். அந்த அடைப்புக்கு எபிரேயத்தில் ஆலெப் என்று தனி எழுத்தே இருக்கிறது, தமிழில் அது இல்லை. தமிழில் இரண்டு உயிர் நேருக்கு நேர் நிற்காது, நடுவில் யகரமோ வகரமோ வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். உடம்படுமெய் என்று ஒன்பதாம் வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். ஆக பெ, எர் இரண்டும் சேர்ந்தால் பெயெர். வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் ஒரு யகரத்தைப் போட்டு எபிரேயக் கிணற்றை அழகாகத் தமிழுக்குள் இறக்கிவிட்டார்கள். கல் வெட்டிய பையன் அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டான், அவ்வளவுதான் நடந்தது.

இந்தச் சொல் அரபியில் "பிஃர்" போல ஒலிக்கும், அங்கேயும் கிணறுதான். லெபனானின் தலைநகர் பெய்ரூட் இருக்கிறதே, அந்தப் பேரும் கிணறுகள் என்று பொருள்படும் பழைய கானானியச் சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட விளக்கம். பழைய தமிழ் வேதாகமத்தில் இந்தக் கதைகளில் கிணறு என்பதைவிட "துரவு" என்ற சொல்தான் அடிக்கடி கண்ணில் படும். யூதர்களின் மூதாதை ஆபிரகாம் அனுப்பிவிட்ட வேலைக்காரி ஆகார் பெயெர்செபாவின் வனாந்தரத்தில் பிள்ளையைப் புதருக்கு அடியில் விட்டுவிட்டு அழுகிறாளே, அவள் கண் திறந்ததும் பார்ப்பது ஒரு தண்ணீர்த் துரவு. நாம் "தோட்டம் துரவு" என்று இன்னமும் சொல்கிறோம். துரவு தனியாக என்ன என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். நானும் முழித்தவன்தான். பெரிய கிணறு.

சரி, முதல் பாதி கிணறு. இதில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் "செபா"வில்.

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்கும் கேரார் ராஜா அபிமெலேக்குக்கும் கிணற்றுத் தகராறு. ஆபிரகாம் வெட்டிய துரவை ராஜாவின் ஆட்கள் பிடுங்கிக்கொண்டார்கள். இவர் போய்க் கேட்டால் அபிமெலேக்கு சொல்கிற பதில், இதைச் செய்தது யாரென்று எனக்குத் தெரியாது, நீயும் என்னிடம் சொல்லவில்லை, இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். எந்த ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போனாலும் இன்றைக்கும் கிடைக்கிற பதில். ஆபிரகாம் விடவில்லை. ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியாக நிறுத்தி, இதை நீ வாங்கிக்கொள், இந்தத் துரவை நான்தான் வெட்டினேன் என்பதற்கு இதுவே சாட்சி என்கிறார். அப்புறம் இருவரும் ஆணையிட்டுக்கொள்கிறார்கள். அதனால் அந்த இடத்துக்குப் பேர் பெயெர்செபா.

எபிரேயத்தில் ஷெவா என்றால் ஏழு. ஆணையிடுவது என்ற வினைச்சொல்லுக்கும் அதே மூன்று வேரெழுத்து. ஒரே பேரில் ஏழு ஆடும் நிற்கிறது, ஆணையும் நிற்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஐந்து அதிகாரம் தள்ளி அதே ஊர், அதே அபிமெலேக்கு என்ற பேர், அதே படைத்தலைவன் பிகோல், ஆனால் ஆபிரகாமுக்குப் பதில் மகன் ஈசாக்கு. அதிகாலையில் எழுந்து ஆணையிட்டுக்கொள்கிறார்கள், விருந்தாளிகள் கிளம்பிப் போகிறார்கள், அன்றைக்கே வேலைக்காரர்கள் ஓடிவந்து தண்ணீர் கண்டோம் என்கிறார்கள், அவர் அதற்கு சேபா என்று பேர் வைக்கிறார், அதனால் ஊருக்குப் பெயெர்செபா. ஒரே ஊருக்கு இரண்டு பெயர்க்காரணம், ஒரே புத்தகத்தில். இரண்டு வேறு மரபுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன என்று வேத ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. ஏழு ஆடு வருகிற முதல் கதை, காரணம் சொல்லும்போது ஆணையைச் சொல்கிறது. ஆணை வருகிற இரண்டாவது கதையில் கிணற்றுக்கு வைக்கிற பேர், ஏழைக் குறிக்கிற வடிவத்தில் இருக்கிறது. இரண்டு கதையும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இன்னொரு கூத்தும் உண்டு. பழைய எபிரேயச் சுவடிகளில் உயிர்க்குறிகள் கிடையாது, மெய்யெழுத்து மட்டும்தான். படிக்கிறவன் தானாக உயிர் ஊட்டிக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு எழுத்து, புள்ளி வலப்பக்கம் வைத்தால் "ஷ", இடப்பக்கம் வைத்தால் "ஸ". அந்தப் புள்ளியும் அப்போது இல்லை. ஆகவே அந்த மூன்றெழுத்தை ஏழு என்றும் படிக்கலாம், ஆணை என்றும் படிக்கலாம், "ஸ" வைத்துப் படித்தால் நிறைவு, வயிறார உண்ட நிறைவு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கியவர்கள் ஈசாக்கின் கிணற்றுக்கு "ஆணை" என்று எழுதினார்கள். கி.பி. 400ஐ ஒட்டி லத்தீனில் பெயர்த்த ஜெரோம் "நிறைவு" என்று எழுதினார். ஏழு அங்கே காணவே காணோம். திபேரியாவில் இருந்த மசோரேத்துகள் என்கிற எபிரேயப் பண்டிதர்கள் 7ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டுக்குள் எழுத்தைத் தொடாமல், அதற்கு மேலும் கீழும் உள்ளும் புள்ளிகளை இண்டு இடுக்கில் செருகித்தான் இன்றைய வாசிப்பை நிலைநிறுத்தினார்கள்.

ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஓலை கிழிந்துவிடும் என்று நம் ஆட்களும் புள்ளி வைக்க மாட்டார்கள். எ எது ஏ எது, ஒ எது ஓ எது என்பதெல்லாம் படிக்கிறவன் பாடு. கொம்பை மேலே சுழித்து நெடிலுக்குத் தனியாக இரட்டைச்சுழிக் கொம்பு கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். அவருக்கு முந்திய கையில் எழுதினால் பெயர், பேயர் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். கல் வெட்டிய பையன் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்போ ஏழா, ஆணையா? என் கட்சி, இரண்டும் ஒன்றுதான். எபிரேயத்தில் ஆணையிடுவது என்பதே தன்னை ஏழால் கட்டிக்கொள்வது என்ற எண்ணத்தில் பிறந்திருக்கும் என்பது பலர் ஒப்புக்கொள்கிற விளக்கம். எரொதோத்தசு, கிமு 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர், அரபியர் உடன்படிக்கை செய்வதை விவரிக்கிறார். இருவர் கையையும் கட்டைவிரல் பக்கம் கீறி, அந்த ரத்தத்தை நடுவில் வைத்த ஏழு கல்லில் பூசுவார்களாம். ஏழு கல், ஏழு ஆடு. நமக்கு மட்டும் என்ன, கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றி ஏழு அடி வைத்தால்தான் பலருக்கு வாக்கு முடிந்த மாதிரி. ஏழைச் சொன்னாலே ஆணை உள்ளே இருக்கிறது.

இதை அக்காவிடம் சொன்னபோது அவருக்குப் பிடித்தது வேறு ஒன்று. எலிசபெத்து என்ற பேர் எபிரேயத்தில் எலிஷெவா. கடைசியில் நிற்பது இதே ஷெவா, என் தேவன் ஆணை என்கிற மாதிரிப் பொருள். தாவீது ராஜாவின் மனைவி பத்சேபாளின் பேரிலும் பின்பாதி அதுதான். கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரி வரை எத்தனை எலிசபெத்து இருப்பார்கள், அத்தனை பேருக்குள்ளும் ஒரு பெயெர்செபா. ஆனால் சாபத்து, ஓய்வுநாள், ஏழாம் நாள்தானே, அதுவும் இதுதானே என்று அக்கா கேட்டார். இல்லை, அது ஓய்வதைக் குறிக்கிற வேறு வேர், கடைசி எழுத்து வேறு. யூடியூபில் இதைக் கலந்து கட்டிப் பேசுகிறவர்கள் நிறைய.

அக்கா தோற்ற இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "ஏழு கிணறு" என்று தமிழில் ஒருமையில் சொன்னாலே ஏழும் வந்துவிடும். சென்னையில் ஏழுகிணறு என்றொரு இடமே இருக்கிறது. 1772இல் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய கிணறுகளால் வந்த பேர். நம்ம ஊர்ப்பக்கம் மருதூரில் பிறந்த வள்ளலார் சென்னையில் வளர்ந்தது அந்த ஏழுகிணறு வீராசாமி தெருவில்தான். அந்தப் பழக்கத்தில் அக்காவுக்குப் பெயெர்செபாவும் ஏழுகிணறாகிவிட்டது. எபிரேயத்தில் ஏழு கிணறு என்றால் கிணறு பன்மையில் வந்தே தீர வேண்டும், ஏழும் முன்னால் வரும். இங்கே ஒருமையில் ஒரு கிணறு, பின்னால் ஏழு. ஏழின் கிணறு. ஒரே கிணறுதான்.

அரபியில் அதே ஊர் "பிஃருஸ் ஸபா". ஸபா என்றால் ஏழு, கொஞ்சம் மாற்றி உச்சரித்தால் ஸபு, சிங்கம் அல்லது வேட்டை மிருகம். அதனால் சிங்கக் கிணறு என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. இப்படித்தான் ஆகும். பேர் நிலைத்துவிடும், காரணம் கையில் கிடைக்கிற சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். புதுச்சேரியில் பெரிய கோயிலைச் சம்பா கோயில் என்கிறோம், சம்பா நெல்லுக்கும் அதற்கும் ஒன்றுமில்லை, புனித பவுலின் பேர் ஐரோப்பிய வாயிலிருந்து நம் வாய்க்கு வந்து தேய்ந்தது. திருப்பாதிரிப்புலியூரில் பாதிரி இருப்பது சாமியாரால் இல்லை, மரத்தால். வெளியூர் நண்பர் ஒருத்தர் இங்கே யாரோ ஒரு பாதிரியார் புலியைக் கொன்றிருப்பார் போல என்று நிஜமாகவே கேட்டார். கடலூர் என்ற பேரே அப்படித்தான். ஆறுகள் கூடுகிற கூடலூர், வெள்ளைக்காரன் வாயில் புகுந்து வெளியே வரும்போது, பக்கத்தில் கடலும் இருந்ததால் கடலூர் ஆகிவிட்டது. இப்போது யாரிடம் கேட்டாலும் கடல் இருக்கு, ஊர் இருக்கு, இதுல என்ன சந்தேகம் என்பார்கள்.

அண்ணன் ஏன் ஆணையை விட மாட்டேன் என்கிறார் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் அவர் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு. முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது. இவர் நாளில் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டார் என்று ஆரம்பித்து, பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கல்யாணத்தில் இருவரையும் பிடித்து உட்காரவைத்து, இனி கிணற்றுக்காக ஒருத்தர் மேல் ஒருத்தர் கைநீட்ட மாட்டோம் என்று வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சொல்லவைத்தார்கள். "எங்கப்பா அன்னைக்கு அழுதாரு தம்பி. நான் பாத்தேன்." அதற்கப்புறம் நான் ஏழைப் பற்றி அவரிடம் அதிகம் பேசவில்லை.

ஈசாக்கு கதையை அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஆபிரகாம் செத்தபின் அந்த நாட்டுப் பெலிஸ்தர் கிணறுகளை மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். மகன் திரும்பத் தோண்டுகிறார், அப்பா வைத்த அதே பேர்களை வைக்கிறார். புதுசாக ஒன்று வெட்டினால் உள்ளூர் மேய்ப்பர்கள் தண்ணீர் எங்களது என்கிறார்கள். அதற்கு ஏசேக்கு, வாக்குவாதம் என்று பேர் வைத்துவிட்டு நகர்கிறார். அடுத்ததற்கும் சண்டை, சித்னா, பகை. எபிரேயத்தில் சாத்தானுக்கும் இதே வேரெழுத்துதான், எதிர்த்து நிற்கிறவன். மூன்றாவதற்கு யாரும் வரவில்லை, ரெகொபோத், விசாலம். ரெகொபோத் என்று பேர் வைத்த வீடும் ஜெபவீடும் தமிழ்நாட்டில் எத்தனை என்று கணக்கில்லை. ஏசேக்கு இல்லம் என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அது நியாயமாகப் பல தெருக்களுக்குப் பொருந்தும்.

அண்ணன் மனையிலும் முதல் போர்வெல் தண்ணீர் உப்பு. இரண்டாவது போட்ட இடத்தில் பக்கத்து மனைக்காரர் எல்லைத் தகராறு செய்தார். மூன்றாவதில் 140 அடியில் நல்ல தண்ணீர். வரிசை ஒத்துப்போகிறது என்று ரெகொபோத் வைக்கத்தான் சபையில் எல்லாரும் சொன்னார்களாம், அவர்தான் கேட்கவில்லை.

நிஜ ஊர் இன்றைக்கும் இஸ்ரேலின் தெற்கில், நெகேவ் வறண்ட நிலத்தின் விளிம்பில் இருக்கிறது. வேதாகமத்தில் நாடு முழுக்க என்று சொல்ல தாண் முதல் பெயெர்செபா வரை என்பார்கள், நாம் வேங்கடம் முதல் குமரி வரை என்கிற மாதிரி. இந்தப் பக்கக் கடைசி ஊர் அது, அதைத் தாண்டினால் தண்ணீர் இல்லை. தண்ணீரால்தான் அந்த ஊருக்கு மதிப்பே. 1917 அக்டோபர் 31ஆம் தேதி ஆஸ்திரேலியக் குதிரைப்படை மாலை வெயிலில் துருக்கியப் பதுங்குகுழிகள் மேல் பாய்ந்ததுகூட, இருட்டுவதற்குள் கிணறுகளைப் பிடித்தாக வேண்டும் என்பதற்காகத்தான். ஆபிரகாம் அங்கே மரம் நட்டார் என்று ஒரு வரி வரும், பழைய தமிழில் அதைத் தோப்பு என்று போட்டிருப்பார்கள். மூலத்தில் இருப்பது எஷெல், தமரிஸ்க் மரம். படத்தில் பார்த்தால் தேவனாம்பட்டினத்துச் சவுக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது, ஆனால் குடும்பமே வேறு.

இன்றைய நகரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே பழைய ஊரின் மண்மேடு. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யோகனான் அகரோனி 1969இலிருந்து தோண்டினார். வாசலருகே ஆழமான ஒரு கிணறு, கிட்டத்தட்ட 70 மீட்டர். 2005இல் மெகிதோ, ஆத்சோர் மேடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் வைத்தார்கள். ஆனால் என்னைச் சிரிக்கவைத்தது 1973இல் கிடைத்த பலிபீடம். நாலு மூலையிலும் கொம்பு வைத்த கல் பலிபீடம், என்றோ பிரித்து அதன் கற்களை ஒரு கிடங்குச் சுவர் கட்டப் போட்டுவிட்டார்கள். சுவரில் அடுத்தடுத்து மூன்று கொம்பு முழுசாக இருந்தன. நாலாவது உடைந்திருந்தது.

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணே, அங்கயும் ஒரு கொம்பு குறையுதாம்." அவர் சிரிக்கவில்லை. புதுக்கல்லுக்கு ஒன்பதாயிரம் ஆகும், பிரதிஷ்டைக்குள் கிடைக்கவும் கிடைக்காது என்ற கவலையில் இருந்தார்.

கடைசியில் அந்தப் பையனே டிரில்லும் சாணைக்கல்லும் எடுத்துக்கொண்டு வந்தான். "பெ"க்கும் "ய"வுக்கும் நடுவில் இடமே இல்லை. பென்சிலில் மூன்று தடவை வரைந்து அழித்துவிட்டு, மற்ற எழுத்தில் பாதி உயரத்துக்கு, குச்சி மாதிரி ஒல்லியாக ஒரு கொம்பைச் செருகினான். தங்கப் பெயிண்ட் வேறு டப்பா, நிறம் கொஞ்சம் மஞ்சளாக விழுந்துவிட்டது. மசோரேத்துகள் பார்த்திருந்தால் தோளில் தட்டிக்கொடுத்திருப்பார்கள். பிரதிஷ்டை நன்றாக நடந்தது, மட்டன் பிரியாணி, பாயசம். நெல்லிக்குப்பத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார், கல்லுக்கு முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார், சரியாகவே படித்தார்.

போன வாரம் பால்காரர் பாக்கிக் கணக்கு சொல்ல நோட்டை விரித்தபோது எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு எண் மட்டும்தான். எதிர்வீட்டுப் பக்கத்தில் தலைப்பு: செபா அக்கா, ஒரு லிட்டர்.